தரைக்கூலி

வியாழன் விடியுமுன்
நீலத் தார்ப்பாய்களை உதறும் சத்தம்தான்
இந்த மலையூருக்குச் சேவல்.
சீட்டுப் புத்தகத்தோடு இறங்குகிறேன்.
ஒரு பாய் அகலத்துக்கு இரண்டு கெட்சால்.
நகராட்சிக்கு எழுதுவது ஸ்பானிய மொழியில்.
கேட்டு வாங்குவது கீச்சேயில்.
திட்டு விழுவதும் அதில்தான்.

"வந்துட்டான் பேனாத் திருடன்"
என்பாள் மிளகாய்க்காரி தோமாசா.
நான்கு கெட்சாலைத் தராசுத் தட்டில் போட்டு
நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவாள்.
அவள் விரித்திருப்பது ஒரு பாய்.

பத்தில் எட்டுப் பேர் எங்கள் சனம்.
மீதி இரண்டு பேரிடம்
மருந்துக்கடை, வங்கி, பத்திர ஆபீஸ்.
அவர்கள் பத்துப் பத்தாக எண்ணுவார்கள்.
நாங்கள் கைவிரல் தீர்ந்ததும்
கால்விரலுக்குப் போவோம்.
அதனால் இருபதுக்கு எங்கள் சொல்
ஹுவினாக்:
ஓர் ஆள்.

முட்டைக்காரி செபஸ்தியானா
"எத்தனை ஆள் போடட்டும்?" என்று கேட்டால்
வெளியூர்க்காரர் ஓரடி பின்வாங்குவார்.
ஓர் ஆள் முட்டை.
இரண்டு ஆள் எலுமிச்சை.
மழை இருட்டிக்கொண்டு வந்தால்
அதே காசுக்கு இன்னும் அரை ஆள்.

அவள் தம்பி தியேகோ சாக்லான்
சுண்ணாம்பு உருண்டை விற்றவன்.
கடலோரக் கரும்புத் தோட்டத்தில்
இடக்கைச் சுண்டுவிரலை விட்டுவிட்டு வந்தவன்.
சந்தையில் அவன் பெயர் பத்தொன்பது.
"ஏ பத்தொன்பது, என்ன விலை?"
யார் வாங்கினாலும்
இருபதுக்கு ஒன்று குறைத்தே கொடுப்பான்.
"என் கணக்கில் ஓர் ஆள் இவ்வளவுதான்
மிச்சத்தைத் தோட்டக்காரனிடம் போய்க் கேள்!"
சோளம் வேகவைக்க உருண்டை வாங்கப்போன சிறுவன் நான்
கணக்குக் குறைந்ததற்கு
அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

பிறகு சிப்பாய்கள் வந்தார்கள்.
ஒரு வருஷம் சந்தை கூடவில்லை.
வியாழக்கிழமைகளில் அதை நாங்கள் பேசுவதில்லை.

போன மாசியில்
பழைய முகாமுக்குப் பின்னால் மேட்டைத் தோண்டினார்கள்.
தலைநகரத்துப் பிள்ளைகள்,
தூரிகையும் கயிறும் வைத்துக்கொண்டு.
எழுதத் தெரிந்தவன் என்று
நகராட்சி என்னை அனுப்பியது.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்கள் நின்று
வாய்விட்டு எண்ணினார்கள்.
இருபதாவது மண்டையோடு வந்தபோது
"ஓர் ஆள்" என்றாள் தோமாசா.
நாற்பதில், "இரண்டு ஆள்".
தூரிகைப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
மொழிபெயர்த்தேன்.
தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

அறுபதுக்கு எங்கள் சொல்லில்
ஆள் கிடையாது.
அங்கிருந்து வேறு கணக்கு:
மூன்று கட்டு, விறகு மாதிரி.
ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று
குரல்கள் இறங்கிக்கொண்டே போயின.
ஐம்பத்தெட்டில் கடப்பாறை பாறையில் முட்டியது.
"கட்டாகல" என்றாள் செபஸ்தியானா.
நிம்மதியில் சொன்னாளா, ஏசினாளா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

தோமாசா ஒவ்வோர் இடக்கையாகத் தேடினாள்.
சுண்டுவிரல் இல்லாத கை
ஒன்று கிடைத்தது.
பிறகு இன்னொன்று.
பிறகு ஏழெட்டு.
சின்ன எலும்புகளை வேர் இழுத்துப்போய்விடும்,
பெருச்சாளி கொண்டுபோகும்,
மழை உருட்டும்.
மண்ணுக்குள் எல்லாரும் பத்தொன்பது,
பதினேழு, பதினாறு.

வாய்க்குள் பஞ்சு விட்டு எச்சில் எடுத்தார்கள்.
செபஸ்தியானாவிடம் மட்டும்.
"உங்களுடையது உதவாதும்மா,
ரத்த உறவு வேண்டும்."
மூன்று வருஷம் அவனோடு படுத்தவள்
திறந்த வாயை
மெல்ல மூடிக்கொண்டாள்.

முடிவு இன்னும் வரவில்லை.

வடக்கே போய்த் திரும்பிய வில்மர் லூக்ஸ்
செல்போன் உறை விற்கிறான்,
இடம் போதவில்லையாம்.
"அந்த மிளகாய்க்கு ஒட்டினாப்ல
வெறுந்தரைதானே கிடக்குது?
அதை என் பேருக்கு எழுதுங்க."
அது வெறுந்தரை இல்லை, கூலி கட்டிய தரை என்றேன்.
கட்டுவது யார் என்றான்.

தோமாசா சில்லறையை நிறுத்துத் தருகிறாள்.
முதல் சீட்டு: மிளகாய்.
இரண்டாவதைக் கிழிக்கும் முன்
பொருள் என்ற கட்டத்தில்
எல்லா வியாழனும் எழுதுவதையே எழுதுகிறேன்:
சுண்ணாம்பு.